தீனிப்பை அடைத்திருக்கிறது, ஆனால் நோய் அங்கே இல்லை

வாசகர் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஐந்து முட்டைக்கோழிகள் வளர்க்கிறோம். அதில் செவலை என்று நாங்கள் கூப்பிடுகிற கோழிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இரண்டு மாதமாக ஓடு மெலிந்த முட்டைதான், நடுநடுவே ஓடே இல்லாத தோல்முட்டை. மூன்று வாரத்துக்கு முன்னால் மஞ்சளாக, ரப்பர் மாதிரி, முட்டை வடிவத்தில் ஒன்றைப் போட்டது. அதோடு முட்டை நின்றுவிட்டது. இப்போது காலையில் பார்த்தாலும் தீனிப்பை நிரம்பியே இருக்கிறது, வாயில் புளித்த வாடை. எச்சம் தண்ணீராக, பச்சையும் வெள்ளையுமாக வருகிறது, பின்பக்கத்து இறகெல்லாம் ஒட்டிக்கிடக்கிறது. வயிறு பெருத்து, நிமிர்ந்து நின்று தள்ளாடி நடக்கிறது. தீனிப்பையை நீவிவிட்டேன், எண்ணெய் ஊற்றினேன், தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைத்தேன், வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து மூன்று நாள் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. தீனிப்பையை எப்படிச் சரிசெய்வது? மற்ற நான்குக்கும் தொற்றுமா? அவற்றின் முட்டையைச் சாப்பிடலாமா? செவலை பிழைக்குமா?

பதில்:

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். மூலத்தில், தின்றது முதலில் போய்த் தங்குகிற கழுத்தடிப் பையான தீனிப்பையைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள், அந்த ரப்பர் முட்டையைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த ஒரு வரியைத்தான்.

செவலையின் நோய் தீனிப்பையில் தொடங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கோழியைக் கையில் பிடித்துப் பார்க்காமல் எதையும் அடித்துச் சொல்ல முடியாது, சரி. ஆனால் மூன்று வயது முட்டைக்கோழி, மெலிந்த ஓடு, தோல்முட்டை, பிறகு அந்த மஞ்சள் கட்டி, பிறகு முட்டை நின்றது, பிறகு வயிறு பெருத்தது, கடைசியாகத் தீனிப்பை அடைத்தது என்று நீங்கள் எழுதியிருக்கிற வரிசையே ஒரு கதையைச் சொல்கிறது. தீனிப்பை அந்தக் கதையில் கடைசியாக வந்து சேர்ந்தது. அதுதான் கண்ணுக்கும் கைக்கும் முதலில் படுகிற இடம் என்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறோம்.

எல்லோரும் என்பதில் நானும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு கோழிக்குப் பத்து நாள் தீனிப்பை வைத்தியம் மட்டுமே பார்த்தேன். கழுவினேன், பூஞ்சைக்கு மருந்து கொடுத்தேன், இரண்டு நாள் தேறும், மூன்றாம் நாள் மறுபடி அடைத்துக்கொள்ளும். பதினோராம் நாள் இறந்துபோனது. வளர்த்தவரிடம் கேட்டுக்கொண்டு வயிற்றைத் திறந்து பார்த்தால், முட்டைக்குழாய்க்குள் என் கைமுஷ்டி அளவுக்கு மஞ்சள் கட்டி, அதற்கு இந்தப் பக்கம் நசுங்கிப்போன குடல். பத்து நாளில் ஒரு தடவைகூட அடிவயிற்றில் நான் கை வைத்துப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் தீனிப்பை அடைப்பு என்று யார் கோழி கொண்டுவந்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன்.

அந்த ரப்பர் முட்டை என்னவென்று சொல்கிறேன். கோழிக்கு வேலை செய்கிற சினைப்பையும் முட்டைக்குழாயும் இடப்பக்கம் மட்டும்தான். சினைப்பையிலிருந்து மஞ்சள்கரு உதிர்ந்து, புனல் போன்ற ஒரு வாய் வழியாகக் குழாய்க்குள் போய், வெள்ளைக்கரு சேர்ந்து, சவ்வு போர்த்தி, ஓடு கட்டி வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும், அதில் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். இந்தக் குழாய்க்குள் கிருமி ஏறிவிட்டால், பெரும்பாலும் ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியா, சீழ் பிடிக்கிறது. பறவையின் சீழ் நம்முடையதைப் போல ஒழுகாது. பாலாடைக்கட்டி மாதிரி உறைந்துவிடும். அப்படி உறைந்த சீழ்மேல் வெள்ளைக்கருவும் சவ்வும் நாளுக்கு நாள் சுற்றிச் சுற்றிச் சேர்ந்து, ஒருநாள் முட்டை போலவே வெளியே வந்து விழுகிறது. கத்தியால் குறுக்கே வெட்டினால் வெங்காயத்தை நறுக்கியதுபோல வளையம் வளையமாக இருக்கும், துர்நாற்றமும் இருக்கலாம். லாஷ் முட்டை என்று இதற்குப் பெயர். முட்டை என்கிறார்களே தவிர, அது முட்டைக்குழாய் அழற்சியின் சீழ்க்கட்டி. ஒன்று வெளியே வந்துவிட்டது என்றால் உள்ளே சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பல சமயம் உள்ளே இன்னும் இருக்கும். ஆன்டிபயாடிக் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் இதுவே பதில்: இறுகிப்போன கட்டிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்?

இன்னொன்றும் கூடவே நடக்கும். வீங்கிய குழாய் மஞ்சள்கருவைச் சரியாக வாங்கிக்கொள்ளாது, அல்லது பாதி வழியில் திருப்பித் தள்ளிவிடும். அந்தக் கரு வயிற்று அறைக்குள்ளேயே விழுகிறது. ஒன்றிரண்டு விழுந்தால் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். தினமும் விழுந்து, கிருமியும் சேர்ந்துவிட்டால் வயிற்றுச் சவ்வு அழன்று நீர் கோத்துக்கொள்ளும். செவலை நிமிர்ந்து நிற்கிறது என்றீர்களே, முன்பக்கம் தூக்கி, வால் தாழ்ந்து, கால் அகட்டி. அந்த நிலை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் வரும்: உள்ளே முட்டை சிக்கியிருக்க வேண்டும், அல்லது கட்டி இருக்க வேண்டும், அல்லது நீர் கோத்திருக்க வேண்டும்.

இனி தீனிப்பைக்கு வருவோம். கோழியின் வயிற்றறை சின்னது. அதற்குள் ஒரு கட்டியோ அரை லிட்டர் நீரோ உட்கார்ந்துகொண்டால் குடலுக்கும் அரைவைப்பைக்கும் இடமில்லை. கீழே நகராதபோது மேலே தேங்கும். தேங்கிய தீனி கோழியின் உடல் சூட்டில், அது ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ், ஒரே ராத்திரியில் புளித்துவிடும். தீனிப்பைக்குள் எப்போதும் கொஞ்சமாக இருக்கிற கேண்டிடா என்ற பூஞ்சை இதுதான் சமயம் என்று பெருகுகிறது. நீங்கள் கொடுத்த ஆன்டிபயாடிக் அந்தப் பூஞ்சையை அடக்கிவைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றிருக்கும், ஆக புளிப்பு இன்னும் கூடியிருக்கும். தீனிப்பையை நீவி நீவிக் காலி செய்தாலும் மறுநாள் நிரம்பத்தான் செய்யும்.

நான் சொல்வது சரியா என்று நீங்களே பார்க்கலாம். இருட்டின பிறகு செய்யுங்கள், கோழி அமைதியாக இருக்கும். செவலையைத் தூக்கி, அதன் தலை உங்கள் முழங்கை இடுக்கில் பின்னோக்கி இருக்கும்படி, வால் முன்னால் வரும்படி அணைத்துக்கொள்ளுங்கள். மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள்; கோழிக்கு நமக்கிருப்பதுபோல உதரவிதானம் கிடையாது, வயிற்றில் நீர் இருக்கிற கோழியை மல்லாத்தினால் அந்த நீர் காற்றுப்பைகளை அமுக்கி மூச்சு முட்டியே செத்துப்போகலாம். இன்னொரு கையை இரண்டு காலுக்கும் நடுவே, எச்சத்துவாரத்துக்குக் கீழே, உள்ளங்கை படும்படி வைத்து மெதுவாக ஏந்துங்கள். அமுக்க வேண்டாம். தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தளும்பினால் நீர். உள்ளே முட்டை வடிவில், வழுவழுப்பாக, கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் சிக்கிய முட்டை. ஒழுங்கற்ற, கல்லும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் களிமண் உருண்டை போல ஏதாவது இருந்தால் சீழ்க்கட்டியோ வேறு கட்டியோ. இதற்கு முன் தொட்டுப் பழக்கமில்லை என்றால், முதலில் நன்றாக இருக்கிற ஒரு கோழியைத் தொட்டுவிட்டு வந்து இதைத் தொடுங்கள், வித்தியாசம் கைக்கே தெரியும்.

கை அங்கே இருக்கும்போதே இன்னும் இரண்டு பார்த்துவிடுங்கள். எச்சத்துவாரத்துக்கு இரண்டு பக்கமும் இடுப்பெலும்பின் நுனி மெல்லிய கம்பி போலத் தட்டுப்படும். முட்டையிடுகிற கோழிக்கு அந்த இரண்டு நுனிகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் வைக்கலாம், முட்டை நிறுத்திய கோழிக்கு ஒரு விரலுக்கு மேல் போகாது. செவலைக்கு மூன்று வாரமாக முட்டை இல்லாமலும் இடைவெளி அகலமாகவே இருந்தால், அது முட்டையை நிறுத்தவில்லை, உள்ளுக்குள் போட்டுக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்புறம் நெஞ்செலும்பு. வயிறு பெருத்திருக்கிறபடியால் கோழி கனமாகத்தான் இருக்கும், தராசும் எடை குறையவில்லை என்று சொல்லும், அதை நம்பாதீர்கள். நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை வற்றி எலும்பு கத்திமுனை போலத் துருத்திக்கொண்டிருந்தால், உடம்பு உருகிக்கொண்டிருக்கிறது, அந்த இடத்தை நீர் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

எச்சத்தைப் பற்றி நீங்கள் எழுதியதும் இதோடு ஒத்துப்போகிறது. பச்சை என்றால் பெரும்பாலும் பித்தநீர். குடலுக்குத் தீனி வரவில்லை, பித்தம் மட்டும் இறங்குகிறது. வெள்ளை, சிறுநீரகம் கழிக்கிற யூரேட். ஆக இரண்டும் சேர்ந்து தண்ணீராக வந்தால் கோழி பட்டினி கிடக்கிறது, ஆனால் தண்ணீர் குடிக்கிறது என்று பொருள். ஒரு வெள்ளைக் காகிதத்தை ராத்திரி அடியில் விரித்துவைத்துக் காலையில் பாருங்கள். முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழப்பாகவோ மஞ்சள் துணுக்குகளோ கலந்திருந்தால் அது குடலிலிருந்து வரவில்லை, முட்டைக்குழாயிலிருந்து வருகிறது. கோழிக்கு எல்லாம் ஒரே வாசல். ரத்தம் தெரிந்தால், குடல் ஒட்டுண்ணியால் வருகிற ரத்தக் கழிச்சல் நோயை யோசிக்க வேண்டும், மூன்று வயதுக் கோழிக்கு அது அபூர்வம்தான். சில எச்சங்கள் அடர்பழுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றமாக வருவதைப் பார்த்து நிறையப் பேர் பயந்து எனக்குப் படம் அனுப்புகிறார்கள். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, நாளில் சில தடவை எல்லாக் கோழியும் போடும்.

இப்போது கொஞ்சம் திட்டப்போகிறேன். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைப்பதை இனிமேல் செய்யாதீர்கள். கோழியின் வாயைத் திறந்தால் நாக்குக்குப் பின்னால் நடுவில் ஒரு சின்னப் பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய், அதற்கு மூடி கிடையாது. தீனிப்பையிலிருந்து மேலே வருகிற புளித்த தண்ணீர் அந்தப் பிளவின் மேலாகத்தான் வந்தாக வேண்டும். கொஞ்சம் உள்ளே போனாலும் நுரையீரல் கெடலாம், நிறையப் போனால் உங்கள் கையிலேயே உயிர் போய்விடும். நீங்கள் செய்தபோது ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அதிர்ஷ்டம். எண்ணெய் ஊற்றுவதும் அதே ஆபத்துதான், எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. எதைக் கொடுத்தாலும் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள், அதுவே விழுங்கட்டும்.

மிச்ச ஆன்டிபயாடிக் விஷயத்தில் இன்னொரு சிக்கல். நோய்ப்பட்ட கோழி எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆக எவ்வளவு மருந்து உள்ளே போனது என்றும் தெரியாது. அரைகுறை அளவில் மூன்று நாள் கொடுத்து நிறுத்தினால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிக்கொள்ளும். மருத்துவரிடம் போகும்போது அந்த மருந்தின் அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள், மறைக்காதீர்கள். முட்டைக்கோழிக்குக் கொடுக்கவே கூடாது என்று பல நாடுகளில் தடை செய்யப்பட்ட மருந்துகளும் இருக்கின்றன, உங்கள் பெட்டியிலிருந்தது அதில் ஒன்றாக இருக்கலாம்.

சரி, மருத்துவரைப் பார்க்கிறவரை என்ன செய்வது.

செவலையைத் தனியே பிரித்துவையுங்கள். மற்றவை கொத்தும் என்பது ஒரு காரணம், அது என்ன தின்றது என்ன கழித்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் முழுசாக மறைத்துவிடாதீர்கள், கோழி கூட்டத்தில் வாழ்கிற உயிர், மற்றவற்றின் சத்தமாவது கேட்கட்டும். பெட்டிக்குள் 28, 30 டிகிரி சூடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு மூலையில் சூடு, மறுமூலையில் இல்லை என்று வைத்தால் அதுவே வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். இந்தச் சூட்டை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. 41 டிகிரியில் உடம்பை வைத்திருக்கவே பட்டினிக் கோழிக்கு நிறையத் தெம்பு செலவாகிவிடும், நாம் சூடு கொடுத்தால் அந்தத் தெம்பு மிஞ்சும்.

இரவு தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். காலையில் தீனிப்பை இன்னும் நிரம்பியிருந்தால் தொட்டுப் பாருங்கள்: பிசைந்த மாவு மாதிரி இருக்கிறதா, தண்ணீர்ப் பை மாதிரித் தளும்புகிறதா, நார்ச்சுருள் போலக் கெட்டியாக இருக்கிறதா. மாவு மாதிரி இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் விரல் நுனியால் இளக்கிவிடலாம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. தளும்பினால் நீவவே வேண்டாம், மேலே ஏறி வந்துவிடும். நார் கெட்டியாக இருந்தால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நாளுக்கு மேல் பட்டினி போடாதீர்கள். பிறகு அதன் வழக்கமான முட்டைக்கோழித் தீவனத்தையே நிறையத் தண்ணீர் விட்டுக் கஞ்சி போலக் கரைத்து, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று ஸ்பூன், தீனிப்பை இறங்கிய பிறகு அடுத்தது. ரொட்டி வேண்டாம், இனிப்பு வேண்டாம், முழுத் தானியமும் புல்லும் வேண்டாம். பூஞ்சைக்கு நிஸ்டாட்டின் நல்ல மருந்து, ஆனால் எடை பார்த்து மருத்துவர் எழுத வேண்டியது. வினிகர் கலந்த தண்ணீரை எல்லோரும் சொல்வார்கள். ஏற்கெனவே புண்ணாகிப்போன தீனிப்பைக்கு அமிலம் எதற்கு என்பது என் கேள்வி.

பின்பக்கத்து ஒட்டிய இறகுகளைப் பிடித்து இழுக்காதீர்கள், தோல் காகிதம் மாதிரிக் கிழியும். ஒரு வாளியில் 38 டிகிரி அளவுக்கு, உங்கள் முழங்கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கிற தண்ணீரில், வயிறு நனையும்படி 15 நிமிடம் உட்காரவையுங்கள். பெரும்பாலான கோழிகள் முதலில் இறக்கையை அடித்துவிட்டு ஐந்தாவது நிமிடம் கண் செருகி உட்கார்ந்துவிடும். ஊறிய அழுக்கை விரலால் கழுவி, ஒட்டிய இறகைக் கத்தரித்து, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்டால் குளிரில் விறைத்துவிடும். அங்கே ஈ முட்டை, புழு, பேன் ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள். புழு இருந்தால் இந்தக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். சிவப்புச் சதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான், அதை ஈரமாக வைத்திருந்து, மற்ற கோழிகள் கண்ணில் படாமல் கொண்டுபோக வேண்டும்.

கை வைத்துப் பார்த்ததில் முட்டை சிக்கியிருப்பதாகத் தெரிந்தால், அதே வெந்நீர்க் குளியலும் இருட்டான சூடான பெட்டியும்தான் முதல் வைத்தியம். கூடவே கால்சியம். ஓடு கட்ட ஒரு முட்டைக்கு இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது, குழாய் சுருங்கி முட்டையைத் தள்ளவும் அதே கால்சியம்தான் வேண்டும், தீர்ந்துபோன கோழியால் தள்ள முடியாது. எந்தக் கால்சியம், எவ்வளவு என்று மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்டுக்கொள்ளுங்கள். அமுக்கித் தள்ளாதீர்கள், உள்ளேயே உடைத்து எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உடைந்த ஓடு குழாயைக் கிழித்துவிடும். ஒருநாள் முழுக்கப் பார்த்தும் வரவில்லை என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் மூன்று வாரமாக இப்படி என்பதால் செவலைக்கு இது முட்டைச் சிக்கலாக இருக்க வாய்ப்பு குறைவு. முட்டை சிக்கிய கோழி பெரும்பாலும் மூன்று வாரம் தாங்காது. முட்டை தட்டுப்படாவிட்டால் கால்சியத்தைத் திணிக்காதீர்கள், முட்டை போடாத கோழிக்கு அது சிறுநீரகத்தில்தான் போய்ச் சேரும்.

மருத்துவர் என்ன செய்வார் என்று தெரிந்துகொண்டு போனால் பேச எளிது. எக்ஸ்ரே எடுத்தால் ஓடு கட்டிய முட்டை இருந்தால் தெரியும், அரைவைப்பையில் ஆணி, கம்பி, ஈயத்துண்டு ஏதாவது இருந்தால் தெரியும்; ஈயம் விழுங்கிய கோழிக்கும் தீனிப்பை நின்றுபோகும், அதனால் அதையும் கழித்துக்கட்ட வேண்டும். நீரா கட்டியா என்று பிரித்துச் சொல்ல ஸ்கேன் நல்லது. எச்சத்தைக் கொடுத்துக் குடற்புழு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம், செலவு குறைந்த சோதனை அது. நீர் என்றால் ஊசி வைத்து எடுப்பார்கள். எடுத்த நிமிடமே மூச்சு இலகுவாகும், சில கோழிகள் வீடு வந்து சேர்ந்ததும் தின்னத் தொடங்கிவிடும், தீனிப்பையும் தானாகவே இறங்கும். முழுவதையும் ஒரே தடவையில் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இணையத்தில் காணொளி பார்த்து வீட்டில் ஊசி குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், குடலில் குத்தி என்னிடம் கொண்டுவந்தவர்களும் உண்டு. நீரின் நிறம் முக்கியம்: கலங்கலாக, மஞ்சள் துணுக்குகளோடு வந்தால் மஞ்சள்கருவால் வந்த வயிற்றுச் சவ்வு அழற்சி, தெளிவாக வைக்கோல் நிறத்தில் வந்தால் கல்லீரல், இதயம், அல்லது சினைப்பைப் புற்றுநோய். மனிதப் பெண்களுக்கு வருகிற சினைப்பைப் புற்றுநோயை ஆராய்வதற்கே முட்டைக்கோழியை மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவு சாதாரணமாக அதற்குத் தானாகவே வருகிறது.

வலிக்கு மருந்து கேளுங்கள், அதைக் கேட்க நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். வலி குறைந்தால்தான் கோழி தின்னும். மனிதர்களுடைய வலி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஆன்டிபயாடிக் வேண்டும் என்றால் நீரைச் சோதனைக்கு அனுப்பி எந்தக் கிருமி, எதற்குக் கட்டுப்படும் என்று பார்த்துக் கொடுப்பதுதான் உருப்படியான வழி. முட்டையை நிறுத்த டெஸ்லோரெலின் என்று தோலுக்கடியில் வைக்கிற ஒரு சின்ன மாத்திரை இருக்கிறது, சில மாதங்களுக்கு சினைப்பையை உறங்கவைக்கும், கரு விழுவது நின்றால் அழற்சி ஆற நேரம் கிடைக்கும். எல்லா இடத்திலும் கிடைக்காது, உணவுக்கான பறவைக்கு அனுமதி இல்லாத இடங்களும் உண்டு. கிடைக்கவில்லை என்றால் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் படாமல் வைத்தால் முட்டை நிற்கலாம், மெதுவாகத்தான் நிற்கும். கட்டி பெரிதாக இருந்து கோழிக்கு இன்னும் தெம்பிருந்தால் குழாயை அறுவை செய்து எடுப்பதும் உண்டு. ஆனால் சினைப்பை பெரிய ரத்தக்குழாய்களோடு ஒட்டியிருப்பதால் அதை முழுசாக எடுக்க முடியாது, குழாய் இல்லாத கோழி கருவை உதிர்த்தால் அது மறுபடி வயிற்றுக்குள்தான் விழும். ஆக அறுவை செய்தாலும் அந்த மாத்திரை தேவைப்படும். செவலையின் இன்றைய நிலையில் மயக்க மருந்தைத் தாங்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

பிழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீர் கோத்து, கட்டியும் வந்து, சதையும் வற்றிய கோழிகளில் பெரும்பாலானவை முழுசாகக் குணமாவதில்லை. சில வாரம், நல்ல கவனிப்பில் சில மாதம், நீர் எடுத்து எடுத்து நன்றாகவே வாழ்ந்துவிட்டுப் போகிற கோழிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு லாஷ் முட்டை போட்டுவிட்டு முட்டையை நிறுத்தி இரண்டு வருடம் இருந்ததும் உண்டு. செவலை எந்தப் பக்கம் என்பதை நெஞ்செலும்பும் நீரின் நிறமும் சொல்லும். உங்கள் வளர்ப்பில் தப்பு என்று எதையும் கடிதத்தில் நான் பார்க்கவில்லை. காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை போடும், நாம் வளர்க்கிற கலப்பினக் கோழி முந்நூறு போடுகிறது. அந்தக் குழாய் ஓய்வே இல்லாமல் வேலை செய்து மூன்றாம் வருடம் தளர்ந்துபோவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எப்போது விட்டுவிடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். இரண்டு நாள் தொடர்ந்து எதையும் தொடவில்லை, எழுந்து நிற்கவில்லை, வாயைத் திறந்தே மூச்சு விடுகிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குகிறது, கொண்டை கருநீலமாகிவிட்டது, நீர் எடுத்து இரண்டு மூன்று நாளிலேயே மறுபடி நிரம்புகிறது என்றால் மருத்துவரிடம் ஊசி போட்டு உறங்கவைக்கச் சொல்லுங்கள். கோழி வலியை வெளியே காட்டாது. நோஞ்சான் என்று தெரிந்தால் கூட்டமே கொத்தும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆக அது வலியைக் காட்டத் தொடங்கிவிட்டது என்றால் அடக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது.

மற்ற நான்கைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். முட்டைக்குழாய் அழற்சி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிற நோயல்ல, கிருமி பெரும்பாலும் அதன் சொந்த எச்சத்திலிருந்தே ஏறுகிறது. ஆனால் அவற்றிலும் ஓடு சுருங்கிய, கோணலான முட்டை வந்தாலோ, இருமல் தும்மல் இருந்தாலோ மூச்சுக்குழாய் அழற்சி வைரஸாக இருக்கலாம், அது முட்டைக்குழாயையும் கெடுக்கும், கூட்டத்துக்கே பரவும். திடீரென்று ஒன்றுக்கு மேல் செத்தால், கழுத்து திருகினால், முகம் வீங்கினால் கோழியைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகாதீர்கள், கால்நடைத் துறைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ராணிக்கெட் என்கிற வெள்ளைக்கழிச்சல் நோயும் பறவைக் காய்ச்சலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

முட்டை: நான்கும் அதே தண்ணீரைத்தானே குடித்தன? ஆன்டிபயாடிக் கலந்த பாத்திரம் பொதுவாக இருந்தது என்றால், அந்த மருந்துக்கு எத்தனை நாள் விலக்கு என்று மருத்துவர் சொல்கிறவரை அவற்றின் முட்டையையும் ஒதுக்கிவையுங்கள். தனிப் பாத்திரம் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம். செவலை இனி முட்டை போட்டால் அது வேண்டாம், இறைச்சியும் வேண்டாம். பின்பக்கம் கழுவும்போது கையுறை போடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அந்த வாளியைக் குழந்தைகள் தொட வேண்டாம்.

அந்த ரப்பர் முட்டையைத் தூக்கியெறிந்துவிட்டீர்களா, படம் ஏதும் எடுத்தீர்களா என்று எழுதவில்லை. இன்னொன்று வந்தால் எறியாதீர்கள், மூடி போட்ட டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்து, காலை எச்சத்தின் படத்தையும் மருந்தட்டையையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். நீரை எடுத்தார்களா, என்ன நிறம் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள், மீதியை அதற்கப்புறம் பேசலாம்.